ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பிய மலை: இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட்டை இப்போது காப்பது யார்?

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹேஃபீல்டு என்ற சிற்றூரின் பழைய கல்குவாரியில் சுமார் 400 பேர் கூடினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். வாரம் முழுக்க ஆலையில் வேலை, இல்லையென்றால் வேலை தேடி அலைச்சல். பொருளாதார மந்தநிலை எல்லோரையும் வாட்டிய காலம் அது. பென்னி ராத்மன் என்ற 20 வயது மெக்கானிக் ஒரு பாறைமேல் ஏறி நின்று பேசினார். எதிரே தெரியும் கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் எல்லோரும் சேர்ந்து ஏறுவது, இறங்குவது. திட்டம் அவ்வளவுதான்.

ஒரு மலையில் ஏற எதற்குக் கூட்டம், எதற்குப் பேச்சு என்று தோன்றலாம். அந்த மலைமேடு டெவன்ஷர் டியூக் உள்ளிட்ட ஒரு சிலரின் தனிச் சொத்தாக இருந்தது. அங்கே 'கிரவுஸ்' என்ற பறவையைப் பெருக்கி, சீசனில் சில நாட்கள் விருந்தாளிகளோடு வந்து சுடுவார்கள். மீதி நாளெல்லாம் மலை காலியாகவே கிடக்கும். ஆனாலும் யாரும் உள்ளே வரக்கூடாது. விரட்டுவதற்குக் கம்போடு காவலர்கள் நிற்பார்கள். ஒரு பக்கம் மான்செஸ்டர், இன்னொரு பக்கம் ஷெஃபீல்டு. இரண்டும் ஆலைப் புகையில் மூச்சுத் திணறிய நகரங்கள். நடுவில் இவ்வளவு பெரிய வெட்டவெளி, ஆனால் பூட்டுப் போட்டது மாதிரி.

அன்று மேலே காவலர்களோடு தள்ளுமுள்ளு நடந்தது. இறங்கி வந்தபோது போலீஸ் காத்திருந்தது. ஆறு பேர் கைதானார்கள், ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அடுத்தவர் நிலத்தில் நுழைவது இங்கிலாந்தில் குற்றவியல் குற்றம் கிடையாது. அதற்காகச் சிறைக்கு அனுப்ப முடியாது. அதனால் கலவர நோக்கத்தோடு கூடினார்கள், அமைதியைக் குலைத்தார்கள் என்று வழக்கு ஜோடிக்கப்பட்டது. மலை ஏறியதற்குத் தண்டனை என்று தீர்ப்பில் இல்லை. ஊருக்கே புரிந்தது மட்டும் அதுதான்.

அன்றைய பெரிய நடைப்பயணச் சங்கங்கள் இந்த அத்துமீறலை ஆதரிக்கவில்லை என்பது பலர் மறந்துவிடும் சங்கதி. நில உடைமையாளர்களோடு பேசிப் பேசி அனுமதி வாங்கலாம் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். 'இந்தப் பசங்க வந்து காரியத்தைக் கெடுத்துட்டாங்க' என்ற கோபம் அவர்களுக்கு. ஆனால் சிறைத் தண்டனைச் செய்தி பரவியதும் நிலைமை மாறியது. அதே கோடையில் பக்கத்திலிருக்கும் வின்னட்ஸ் கணவாயில் நடந்த பேரணிக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற நடைபாதைகளுக்குமான சட்டம் வந்தது. 1951 ஏப்ரலில் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. அதற்குள்தான் கிண்டர் ஸ்கவுட் இருக்கிறது. 636 மீட்டர், பூங்காவிலேயே உயரமான இடம். உயரத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், மேலே போனால் வேறு உலகம். 400 பேர் நடந்ததால் மட்டும் இந்தச் சட்டம் வந்தது என்று சொன்னால் அது மிகை. போருக்குப் பின் வந்த லேபர் அரசு, பல பத்தாண்டு மனுக்கள், கமிட்டிகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அந்தக் கமிட்டிகளின் மேஜைக்கு அவசரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது 1932 என்று தாராளமாகச் சொல்லலாம்.

பூங்கா சரி, நிலம் யாருடையது?

'தேசியப் பூங்கா' என்று கேட்டதும் வேலி, நுழைவுச்சீட்டு, ஜீப் சஃபாரி என்று ஒரு படம் மனதில் ஓடும். பீக் டிஸ்ட்ரிக்டில் இது எதுவுமே கிடையாது. 1,438 சதுர கிலோமீட்டர் பரப்பு. உள்ளே ஊர்கள், பள்ளிகள், தேவாலயங்கள், மதுக்கடைகள், சுண்ணாம்புக்கல் குவாரிகள்கூட உண்டு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே வாழ்கிறார்கள். செம்மறி ஆடும் மாடும் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய.

பூங்காவுக்கென ஓர் ஆணையம் இருக்கிறது. ஆனால் நிலத்தில் மிகச் சிறிய பங்குதான் அதன் கையில். மற்றதெல்லாம் விவசாயிகள், பெரிய எஸ்டேட்டுகள், குடிநீர் நிறுவனங்கள், 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை என்று பலருடைய சொத்து. கிண்டர் ஸ்கவுட்டை அந்த அறக்கட்டளை வாங்கியது 1982இல். அத்துமீறல் நடந்து சரியாக 50 வருஷம் கழித்து.

சொந்தமில்லாத நிலத்தை ஆணையம் எப்படிக் காப்பாற்றும்? அதன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் கட்டட அனுமதி. கொட்டகை போடுவதா, வீட்டை நீட்டுவதா, ஜன்னலை மாற்றுவதா, குவாரியை விரிவாக்குவதா, பல நேரங்களில் அதன் கையெழுத்து வேண்டும். இதனால் உள்ளூர்க்காரர்களோடு உரசல் ஓயாது. அழகான ஊர் என்பதால் வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறை வீடாக வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கட்டலாம் என்றால் விதி குறுக்கே நிற்கிறது. இந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

மற்றபடி ரேஞ்சர்கள் உண்டு, மானியம் உண்டு, பேச்சுவார்த்தை உண்டு. குறிப்பாகப் பேச்சுவார்த்தை. ஆணையத்துக்கு மத்திய அரசு தரும் நிதி பல ஆண்டுகளாக உண்மை மதிப்பில் சுருங்கிக்கொண்டே வருகிறது. வருஷத்துக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் நடக்கிற இடத்துக்கு இதுதான் கதி.

சட்டம் ஆணையத்துக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறது: இயற்கையையும் மரபையும் காப்பது, மக்கள் வந்து அனுபவிக்க வழி செய்வது. இரண்டும் மோதினால்? காப்பதற்கே முதலிடம் என்ற விதியைத் தலைவர் பெயரால் 'சாண்ட்ஃபோர்டு கோட்பாடு' என்பார்கள். 1974இல் ஒரு கமிட்டி பரிந்துரைத்தது, 1995இல் சட்டமானது. எழுத்தில் கச்சிதமாகத்தான் இருக்கிறது. மலைமேல் அது எப்படி நடக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம்.

நடக்கும் உரிமைக்கு வந்தால், அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. பூங்கா அறிவித்த கையோடு மூர் எனப்படும் மேட்டுநிலங்கள் எல்லாம் திறந்துவிடவில்லை. ஒவ்வோர் உரிமையாளரோடும் தனித்தனி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 2000இல் வந்த சட்டம்தான் மலை, மூர், பொதுமேய்ச்சல் நிலம் எனக் குறிக்கப்பட்ட இடங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமையைக் கொடுத்தது. அதுவும் இங்கிலாந்தின் மொத்த நிலத்தில் சுமார் 8 சதவீதத்தில் மட்டும். 2002இல், அத்துமீறலின் 70ஆம் ஆண்டு விழாவுக்கு வந்த 11ஆவது டெவன்ஷர் டியூக், தன் தாத்தா காலத்தில் நடந்தது பெரும் தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதைக் கேட்க இல்லை. அதே ஆண்டு ஜனவரியில்தான் அவர் இறந்துபோயிருந்தார்.

ஆலைப் புகை கொன்ற பாசி

கதவு திறந்தாகிவிட்டது. ஆனால் உள்ளே இருந்த மலை அப்போதே நோயாளி.

கிண்டரின் உச்சி கூம்பு மாதிரி இருக்காது, மேஜை மாதிரித் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை முழுக்க 'பீட்' எனப்படும் கறுப்புச் சதுப்பு மண். தண்ணீரில் ஊறிக் கிடக்கும் செடிகள் முழுதாக மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாகும் மண் இது. வளரும் வேகம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் மண் சேர ஆயிரம் வருஷம் ஆகும். சில இடங்களில் இரண்டு, மூன்று மீட்டர் ஆழம் இருக்கிறது. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த மண்ணைக் கட்டுகிற கொத்தனார், ஸ்பேக்னம் என்ற பாசி. தன் உலர்ந்த எடையைப் போல 20 மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு இது. முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப் போட இதையே பயன்படுத்தினார்கள். இந்தப் பாசி இருக்கும்வரை மண் ஈரமாக இருக்கும். மண் ஈரமாக இருக்கும்வரை உள்ளே பூட்டிவைத்த கார்பன் வெளியே வராது. பிரிட்டனின் பீட் நிலங்களில் மட்டும் சுமார் 300 கோடி டன் கார்பன் இருக்கிறது.

தொழிற்புரட்சி இந்தக் கணக்கைக் கலைத்தது. மான்செஸ்டரின் புகைபோக்கிகள் கக்கிய கரியும் கந்தகமும் காற்றோடு போய் மழையாக இறங்கிய இடம் இந்த மேடுதான். இருநூறு வருஷமாக அமிலம் குடித்துக் குடித்துப் பாசி செத்தது. அப்புறம் ஆடுகள் மிச்சமிருந்த புல்லையும் கரம்பின. காட்டுத்தீ அடிக்கடி வந்துபோனது. மேல்தோல் உரிந்த மாதிரி கறுப்பு மண் வெறுமனே வெயிலுக்கும் காற்றுக்கும் தெரிய ஆரம்பித்தது. மழைநீர் அதை அறுத்து ஆள் உயரத்துக்கு ஓடைகள் வெட்டியது. அந்த ஓடை வழியே இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரமும் வடிந்தது. 1980களில் இந்த மேட்டில் ஏறியவர்கள் கண்டது பச்சை இல்லாத ஒரு கறுப்புப் பாலைவனம்.

அது யாருக்கு நஷ்டம்? கீழே இருக்கும் ஊர்களுக்குத்தான். அரித்துப்போன மண் நீர்த்தேக்கங்களில் போய்ப் படிகிறது. குழாயில் வரவேண்டிய தண்ணீர் தேநீர் நிறத்தில் வருகிறது, அதைச் சுத்திகரிக்கக் குடிநீர் நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவு. பஞ்சு இல்லாத மலை மழையைப் பிடித்துவைக்காமல் அப்படியே கீழே தள்ளுவதால் அடிவாரத்தில் வெள்ளம். இப்போது குடிநீர் நிறுவனங்களே இந்த மண்ணைச் சீராக்கக் காசு போடுகின்றன என்றால், அதில் பாசிமேல் உள்ள பாசத்தைவிடச் சுத்திகரிப்பு பில்லின்மேல் உள்ள பயமே அதிகம். இருந்தால் என்ன? வேலை நடக்கிறதே!

2003இல் பூங்கா ஆணையம், நேஷனல் டிரஸ்ட், குடிநீர் நிறுவனங்கள் உள்ளிட்டோர் சேர்ந்து 'மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். வேலை நடக்கும் விதத்தைக் கேட்டால், இது காட்டு நிர்வாகமா அறுவை சிகிச்சையா என்று சந்தேகம் வரும். முதலில் வெட்டிய ஹெதர் புதர்த் துண்டுகளை ஹெலிகாப்டரில் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் வெற்று மண்மேல் பரப்புகிறார்கள். காயத்துக்குக் கட்டுப்போடுவது மாதிரி. மண்ணில் அமிலம் அதிகம், விதை போட்டால் முளைக்காது. அதனால் சுண்ணாம்பும் உரமும் தூவுகிறார்கள். பிறகு சீக்கிரம் முளைக்கும் புல் விதை. அந்தப் புல் அங்கேயே நிரந்தரமாக இருக்க வந்ததில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டு, உள்ளூர்ச் செடிகள் வரும்வரை தாதி வேலை பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். அதோடு ஓடைகளுக்குக் குறுக்கே கல், மரம், பீட் என்று கிடைத்ததை வைத்து ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தடுப்புகள். தண்ணீர் தேங்கினால்தான் கடைசிக் கட்டம் சாத்தியம்: ஸ்பேக்னம் நாற்றுகளைக் கையால் ஊன்றுவது. தன்னார்வலர்கள் குனிந்து குனிந்து நடுகிறார்கள், நாற்று நடுவது மாதிரியேதான்.

வசந்தத்திலும் கோடையிலும் தரையில் முட்டையிடும் பறவைகள் இருப்பதால் பெரும்பாலான வேலையைக் குளிர்காலத்தில்தான் செய்ய முடியும். குளிர்காலத்திலோ மேகம் மலையை மூடிவிடும், ஹெலிகாப்டர் பறக்காது. ஒரு வாரம் முழுக்க ஆள், மூட்டை, எரிபொருள் எல்லாம் தயாராக இருந்தும் ஒரு மூட்டைகூட மேலே போகாமல் இருக்கலாம். ஆனாலும் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. கறுப்பாக இருந்த மேடு இன்று பெரும்பாலும் பச்சை. ஓடை அடைத்து, செடி வளர்த்த சிறு நீர்ப்பிடிப்புகளை அளந்து பார்த்ததில், புயல்மழைத் தண்ணீர் முன்பைவிட நிதானமாகவும் உச்ச அளவு குறைந்தும் இறங்குவது தெரிந்தது. 2009இல் கிண்டர் தேசிய இயற்கைக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

கூட்டம் வந்தால் பறவை போய்விடுமா?

மலையைத் திறந்துவிட்டால் மக்கள் மிதித்தே அழித்துவிடுவார்கள் என்பது நில உடைமையாளர்களின் பழைய வாதம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பென்னைன் வே என்ற நெடும்பாதை 1965இல் திறக்கப்பட்டது. கிண்டரின் அடிவாரத்திலிருக்கும் ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டி முடியும் 431 கிலோமீட்டர். திறந்த தேதியும் ஏப்ரல் 24தான்! ஆயிரக்கணக்கான கால்கள் பட்டதும் பீட் சேறானது. சேற்றைத் தவிர்க்க ஆட்கள் ஓரமாக நடந்தார்கள், ஓரமும் சேறானது, இன்னும் ஓரமாக நடந்தார்கள். ஒற்றையடிப் பாதை சில இடங்களில் பல பத்து மீட்டர் அகலச் சகதியாக விரிந்தது.

மலையை மூடலாம் என்று முடிவெடுத்திருக்கலாம். அவர்கள் கல் பதித்தார்கள். அந்தப் பகுதியில் மூடி இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தரைக்கற்களைப் பெயர்த்து, ஹெலிகாப்டரில் மேலே ஏற்றி வரிசையாகப் பதித்தார்கள். எந்த ஆலைகளின் புகை பாசியைக் கொன்றதோ அதே ஆலைகளின் கல், இன்று மிச்சமிருக்கும் பாசியை மிதிபடாமல் காக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் தொழிலாளிகள் நடந்து தேய்ந்த கல்மேல் இன்று ஞாயிற்றுக்கிழமை நடைக்காரர்கள் போகிறார்கள்.

கிண்டருக்குப் பக்கத்து மேட்டில், ஸ்னேக் சம்மிட் என்ற இடத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. கல் பதிக்கும் முன்பு வந்தவர்களில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பாதையை விட்டு விலகி அலைந்தார்கள். பதித்த பிறகு அது 4 சதவீதம்தான். அங்கே கூடு கட்டும் கோல்டன் ப்ளோவர், நம் கடற்கரையில் பார்க்கும் உப்புக்கொத்திக்குச் சொந்தக்காரப் பறவை. முன்பு பாதையிலிருந்து 200 மீட்டர் தள்ளியே இருந்த அது, பிறகு 50 மீட்டர் வரை நெருங்கி வந்தது. ஆட்கள் குறையவில்லை. அவர்கள் எங்கே நடப்பார்கள் என்பது பறவைக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். 1932 முதல் நடந்த பட்டிமன்றத்தில் இரண்டு கட்சியுமே யோசிக்காத தீர்வு இது.

சுடுவதற்காக எரிப்பது

கிண்டரில் நேஷனல் டிரஸ்ட் ஆடுகளை மேட்டிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள பல மூர்களில் கிரவுஸ் வேட்டை இன்னும் பெரிய தொழில். சீசன் ஆகஸ்ட் 12இல் தொடங்கி டிசம்பர் 10 வரை. கிரவுஸ் குஞ்சுக்கு ஹெதரின் இளந்தளிர் வேண்டும். மறைந்துகொள்ள உயரமான ஹெதரும் வேண்டும். அதனால் குளிர்காலத்தில் புதரைப் பட்டை பட்டையாக எரிப்பார்கள். கூகுள் மேப்பில் சேட்டிலைட் காட்சியைத் திறந்து ஷெஃபீல்டுக்கு மேற்கே பார்த்தால், மலை முழுக்க ஒட்டுப்போட்ட துணி மாதிரித் தெரியும். அதுதான் இது.

எரிப்பதால் பீட் உலர்கிறது, பாசி திரும்ப வருவதில்லை என்பது இயற்கை ஆர்வலர்களின் புகார். பழைய புதரை அவ்வப்போது எரிக்காவிட்டால் அது எரிபொருளாகக் குவிந்து, ஒரு நாள் பெரிய காட்டுத்தீயாக வெடிக்கும் என்பது வேட்டைக் காவலர்களின் பதில். இரண்டாவது வாதத்தைச் சும்மா ஒதுக்க முடியாது. பரம்பரையாக மூரைப் பார்த்து வளர்ந்தவர்கள் சொல்வது. ஆனால் அது உலர்ந்த மூரை உலர்ந்ததாகவே வைத்துக்கொண்டு பேசும் வாதம். மண் ஈரமாக இருந்தால் தீ ஆழமாக இறங்காது என்ற பக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. 2021இல் அரசு, சிறப்புப் பாதுகாப்புள்ள இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள பீட்டில் உரிமம் இல்லாமல் எரிக்கத் தடை போட்டது. 2025இல் அந்த வரம்பை 30 சென்டிமீட்டராகக் குறைத்து, தடை செல்லும் பரப்பையும் பெரிதாக்கியது. இடையில் 2023 அக்டோபரில் மூர் எரித்த புகை ஷெஃபீல்டு நகருக்குள் இறங்கி, மக்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது தனிக் கதை.

ஆடு வளர்க்கும் விவசாயியின் பாடு வேறு மாதிரி. மலைப் பண்ணைகள் மானியம் இல்லாமல் ஓடாது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, நில அளவுக்குக் கொடுத்த பழைய மானியத்தை அரசு படிப்படியாக நிறுத்தி, இயற்கைக்குச் செய்யும் வேலைக்குக் காசு என்று மாற்றுகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் அந்தப் புதிய திட்டங்களில் ஒன்றுக்கான விண்ணப்பங்களை 2025 மார்ச்சில் ஒரே நாளில் திடீரென மூடிவிட்டார்கள். 'ஆட்டைக் குறை, பாசியை வளர், காசு தர்றோம்' என்று சொல்லிவிட்டுக் கவுன்ட்டரைச் சாத்தினால் அடுத்த முறை யார் நம்புவார்கள்?

ஒரு பார்பிக்யூ தட்டு போதும்

இந்தக் கதையில் 1932இன் ஹீரோக்களுக்கு, அதாவது பார்வையாளர்களுக்கு, இன்று கிடைத்திருப்பது அவ்வளவு நல்ல பாத்திரம் இல்லை. 2018 ஜூனில் பூங்காவின் வடமேற்கு ஓரம், சேடில்வொர்த் மூரில் பற்றிய தீ மூன்று வாரம் கனன்றது. வீடுகள் காலிசெய்யப்பட்டன, ராணுவம் வந்தது. பீட் தீயின் குணம் அது: மேலே அணைந்த மாதிரித் தெரியும், உள்ளே புகைந்துகொண்டே நகர்ந்து வேறோர் இடத்தில் தலைகாட்டும். ஆயிரம் வருஷம் சேர்த்த மண் ஒரு வாரத்தில் போகும்.

சூப்பர்மார்க்கெட்டில் சில பவுண்டுக்குக் கிடைக்கும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் அலுமினிய பார்பிக்யூ தட்டுதான் இன்று ரேஞ்சர்களின் முதல் எதிரி. புல்மேல் வைத்துச் சமைத்துவிட்டு, ஆறிவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுவார்கள். மூர் பகுதியில் பல உள்ளாட்சிகள் இதற்கு அபராதத்தோடு தடை போட்டிருக்கின்றன. நடக்கும் உரிமை தந்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தீ மூட்ட உரிமை கிடையாது. கூடாரம் போடவும் கிடையாது. அந்த உரிமை இங்கிலாந்தில் தென்மேற்கே இருக்கும் டார்ட்மூர் பொதுநிலங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் ஒரு நில உடைமையாளர் நீதிமன்றத்துக்கு இழுக்க, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூடாரம் போடுவதும் வெளிப்புறப் பொழுதுபோக்கில் அடங்கும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

நேரில் போனால்

மான்செஸ்டரிலோ ஷெஃபீல்டிலோ படிக்கப் போயிருந்தால், கிண்டர் உங்களுக்கு ஒரு ரயில் டிக்கெட் தூரம்தான். இரண்டு நகரங்களுக்கும் நடுவே ஓடும் ஹோப் வேலி ரயில்பாதையில் ஈடேலில் இறங்கினால் மலை எதிரே நிற்கும். மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேரம் போல, ஷெஃபீல்டிலிருந்து அதைவிடக் குறைவு. காரை எடுத்துக்கொண்டு போய் ஒற்றைத் தடச் சாலையோரம் நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். வார இறுதியில் தீயணைப்பு வண்டியே நுழைய முடியாதபடி கார்கள் நிற்பது அங்கே பெரிய தலைவலி.

ஈடேலிலிருந்து ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல்படி வழியாக ஏறி, மேட்டின் விளிம்போடு கிண்டர் டவுன்ஃபால் அருவி வரை போய்த் திரும்பலாம். ஒரு முழு நாள் வேண்டும். மேற்கிலிருந்து பலமாகக் காற்று அடிக்கும் நாளில் அந்த அருவி கீழே விழாது. தண்ணீர் மேல்நோக்கிப் பறந்து முகத்தில் அடிக்கும். வாட்ஸ்அப் வீடியோ இல்லை, நிஜம்.

விளிம்பை விட்டு மேட்டின் நடுவே இறங்கும் ஆசை வரும். உரிமை உண்டு, ஆனால் முதல்முறையே வேண்டாம். உள்ளே பீட் ஓடைகள் ஒன்றுபோலவே இருக்கும், மேகம் இறங்கினால் பத்தடி தெரியாது, குளிரில் போன் பேட்டரி சட்டென்று தீரும். காகித மேப், திசைகாட்டி, மழைக்கோட்டு, தலைவிளக்கு இல்லாமல் ஏற வேண்டாம். மாட்டிக்கொண்டால் 999 அழைத்து முதலில் போலீஸ் என்றும், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்றும் கேட்க வேண்டும். வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பீக் டிஸ்ட்ரிக்டில் இப்படி ஏழு குழுக்கள் இருக்கின்றன. கட்டணமும் கிடையாது. ஆசிரியரோ பிளம்பரோ, தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உங்களைத் தேடி நனைந்துகொண்டு வருவார்.

நாய் கூட வந்தால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மேட்டில் கயிற்றில் கட்டியே நடத்த வேண்டும். அது பறவைகள் தரையில் அடைகாக்கும் காலம்.

குளிர்காலக் கடைசியில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தில் மலைமுயல்கள் காட்டில் வாழும் ஒரே பகுதி இதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டவை. குளிர்காலத்தில் பனியில் தெரியாமலிருக்க வெள்ளையாக மாறும். இப்போதெல்லாம் பனியே சரியாக விழுவதில்லை என்பதால், பழுப்பு மேட்டில் அவை துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகின்றன. பார்த்தால் நின்ற இடத்திலிருந்தே ஜூம் பண்ணிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்பாதையை விட்டு இறங்க வேண்டாம், பக்கத்தில் நேற்று நட்ட நாற்று இருக்கலாம்.